முதற் கண்ணின் சாட்சியம்

கண்ணழுத்த நோய்க்காக ஒரு கண்ணில் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர், மறு கண்ணையும் கத்திக்கு ஒப்புக்கொடுக்க வேண்டிய நாள் நெருங்கும்போது, வைத்தியரிடம் முதலில் கேட்பது, "போன தடவை மாதிரியேதான் இதுவும் ஆகுமா, டாக்டர்?" என்பதுதான். பாமரக் கேள்வி என்று சிலர் புன்னகையோடு இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகளுள் மிகவும் சாஸ்திரீயமானது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

கண்ணுக்குள் இடையறாது சுரந்து இடையறாது வடிய வேண்டிய தெளிந்த நீர், வடிகால் தடைப்பட்டுத் தேங்கும்போது அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நசிக்கிறது. ஆகவே விழியின் வெண்சுவரில் ஒரு புது வழி திறந்து, அந்நீரை மேற்சவ்வின் அடியில் வடியவிடுவதே இச்சிகிச்சையின் சாரம். இதன் சரித்திரத்தில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1819-இல் தோன்றிய சென்னை அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், வெண்சுவரின் விளிம்பில் வட்டமான சிறு துவாரமிடும் முறையை 1909-இல் கையாளத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார். 1968-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேர்ன்ஸ் விவரித்த டிராபெகுலெக்டமி, துவாரத்துக்கு மெல்லியதொரு மூடியும் அமைத்து, நாளடைவில் பழைய முறையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மற்றெந்தக் காயமும் சீக்கிரம் ஆற வேண்டுமே என்று கவலைப்படும் வைத்தியர், இந்தக் காயம் மட்டும் முழுவதும் ஆறிவிடக் கூடாதே என்று அஞ்சுவது விசித்திரந்தான். ஆறினால் தழும்பு படரும். தழும்பு படர்ந்தால் திறந்த வழி அடைபடும். தழும்பிடும் சுபாவமோ ஒரு கண்ணுக்கு மாத்திரம் உரியதன்று, அந்தத் தேகத்துக்கே உரியது; ஆதலால்தான், ஒரு கண்ணில் வழி அடைபட்டவருக்கு மறு கண்ணிலும் அவ்வாறு நேரும் அபாயம் அதிகம் என்று ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. இதை முன்கூட்டியே அறிந்த நிபுணர், தழும்பை அடக்கும் மைட்டோமைசின் மருந்தைக் கூட்டலாம், அல்லது குழாய் பொருத்தும் வேறு முறையை நாடலாம். முதற் கண்ணில் நீர் மிதமிஞ்சி வடிந்து அழுத்தம் அடியோடு குன்றியிருந்தால், மருந்தைக் குறைத்துத் தையலை இறுக்கலாம்.

இது ஜாதக பலன் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் கண் இடைப்பட்ட வருஷங்களில் இன்னும் அதிகமாகச் சொட்டு மருந்தை ஏற்றுச் சிவந்து போயிருக்கலாம்; கண்புரைக்காக ஏற்கெனவே கத்தியைக் கண்டிருக்கலாம்; அல்லது நோய் முற்றாத நிலையில், முன்னைவிட நல்ல தருணத்திலேயே வந்திருக்கலாம். முதற் கண்ணின் அனுபவம் சாட்சியமேயன்றித் தீர்ப்பு அன்று.

ஆனால் அந்தச் சாட்சியத்தையே நோயாளி பிழைபடக் கூறுவதுண்டு. இதில்தான் எனக்குப் பெருங்கவலை. கண்புரை சிகிச்சைக்குப் பிறகு உலகமே பளிச்சென்று தெரிந்ததாக அண்டை வீட்டார் சொல்லக் கேட்டவர், தமக்கும் அவ்விதமே ஆகும் என்று நம்பிச் சென்று, பார்வை ஒரு சிறிதும் கூடாததைக் கண்டு, "ஆபரேஷன் பலிக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார். அழுத்தம் இறங்கி, எஞ்சிய பார்வை காப்பாற்றப்பட்டிருப்பதை அவருக்கு ஒருவரும் விளங்கச் சொல்லவில்லை. மாண்ட நரம்பு மீளாது என்பதையும், இருப்பதைக் காப்பதே இங்கு வெற்றி என்பதையும் முதற் கண்ணுக்கு முன்பே சொல்லாத வைத்தியர், இரண்டாம் கண்ணுக்குரிய நோயாளியை அன்றைக்கே இழந்துவிடுகிறார். அந்த நோயாளி திரும்பி வருவது பெரும்பாலும் காலம் கடந்த பின்புதான்.

ஊர் மாறி, ஆஸ்பத்திரி மாறி வருகிறவர்களிடம் பழைய குறிப்புகள் இருப்பதேயில்லை. ஆகவே, முதற் கண்ணின் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும், எந்த முறை, எந்த மருந்து, முன்னும் பின்னும் எவ்வளவு அழுத்தம், இடையில் என்ன சிக்கல் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். கேளாமலே அதை எழுதிக் கொடுப்பது வைத்தியர்களின் கடமை.