தேய்ந்த கியர்க் குமிழ்

கருவியின் மாட்சி அதனைக் கை பற்றும் இடத்தில் தொடங்குகின்றது. உழவனுக்கு மேழி எத்தகையதோ, தச்சனுக்கு உளியின் பிடி எத்தகையதோ, அத்தகையதே தன் கையால் கியர் மாற்றி வண்டி செலுத்துவானுக்குக் கியர்க் கோலின் தலையிலுள்ள குமிழ். உருவில் ஓர் எலுமிச்சம்பழத்தளவே ஆயினும், வண்டியில் உள்ள பல்லாயிரம் உறுப்புகளுள் செலுத்துவோன் கை இடையறாது சென்று தீண்டும் உறுப்புகள் இரண்டே; ஒன்று திருப்பு சக்கரம், மற்றொன்று இக்குமிழ். பல்லாண்டுப் பழக்கத்தால் இது தேய்ந்தவிடத்து மாற்றுதல் தகுமோ தகாதோ, தகுமாயின் எத்தகையதனைக் கொண்டு மாற்றுதல் முறை என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். “இஃதும் ஒரு பொருளோ?” என நகைப்பாரும் இருப்பர். பழையதனை எவ்வளவு போற்றுவது, எப்பொழுது விடுவது என்னும் பெரிய வினா இச்சிறு குமிழிலும் அடங்கியிருத்தலின், அவர் நகையைப் பொறுத்து மேற்செல்வோம்.

முதற்கண், இக்குமிழ் செய்யும் தொழிலை அறிதல் வேண்டும். செலுத்துவோன் குமிழைப் பற்றித் தள்ளுங்கால், கோலின் அடிப்பகுதி கியர்ப்பெட்டியுள் ஒரு கவையை நகர்த்துகின்றது. அக்கவை ஒரு வளையத்தை உந்த, அவ்வளையம் வேண்டிய பற்சக்கரத்தோடு சென்று பொருந்துகின்றது. வெவ்வேறு விரைவிற் சுழலும் இரண்டு உறுப்புகள் திடீரெனப் பொருந்துமாயின் பற்கள் உராய்ந்து அலறும். அவ்வாறு நிகழாமல், இரண்டின் விரைவையும் முன்னரே ஒத்திசைவிக்கும் ஏற்பாட்டை 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனியார் தம் வண்டிகளில் அமைத்தனர். அவ்வொத்திசைவு நிகழும் நொடியிற் கோலில் ஒரு சிறு தடை தோன்றும். நிகழ்ந்து முடிந்தவுடன் தடை நீங்கிக் கோல் தானே வழுக்கிச் செல்லும். இந்தத் தடையும் இந்த இசைவும் உள்ளங்கைக்கு எட்டுவது குமிழின் வாயிலாகவே. ஆதலின் குமிழ் கட்டளையிடும் பிடி மட்டுமன்று. கியர்ப்பெட்டி தன் நிலையைக் கைக்கு உரைக்கும் வாயுமாகும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்து இயற்றப்பெற்ற வண்டி ஒன்றனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜப்பானிய மாஸ்டா கம்பெனியார் 1989-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களிற் சிக்காகோ மோட்டார்க் காட்சியில் எம்.எக்ஸ்-5 மியாட்டா என்னும் இருவர் அமரும் சிறு ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டனர். தொஷிஹிக்கோ ஹிராய் என்பார் அதன் ஆக்கத்திற்குத் தலைவராயிருந்தார். குதிரையும் அதன்மேல் ஊர்வோனும் ஓருடலாதல் என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்னும் ஜப்பானியத் தொடரே அவ்வாக்கத்திற்கு வழிகாட்டியாய் நின்றது. எஞ்சினின் அளவு 1.6 லிட்டர், கியர்கள் ஐந்து, கோலோ குறுகியது, மணிக்கட்டின் சிறு அசைவிலேயே ஒரு கியரினின்று மற்றொன்றிற்குச் செல்வது. பெருவிரைவால் அன்றி, கைக்கும் எந்திரத்திற்கும் உள்ள இவ்வுறவாலேயே அவ்வண்டி உலகெங்கும் அன்பரைப் பெற்றது. அவ்வகை வண்டிகளின் ஆக்கம் 2016-ஆம் ஆண்டு ஏப்ரலிற் பத்து லட்சத்தை எட்டியது.

வியப்பொன்று கூறுவோம். அதே 1989-இல், திருப்பு சக்கரத்தின் பின்புறம் வைத்த இரு சிறு தகடுகளை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் முறையோடு கூடிய பெராரி 640 என்னும் பந்தய வண்டி, பிரேசில் நாட்டுப் பந்தயத்தில் முதன்முறை களமிறங்கி வெற்றியும் பெற்றது. 1997-இல் அம்முறை பெராரியின் சாலை வண்டிக்கும் வந்தது. அவ்வழிச் சென்ற வண்டிகளிற் கோலும் இல்லை, குமிழும் இல்லை, தேய்வும் இல்லை. எனவே, கியர்க் கோலுள்ள ஸ்போர்ட்ஸ் காரை இன்று ஒருவர் வைத்திருக்கின்றார் எனின், விரைவுக்காகவன்று, கையின் இன்பத்திற்காகவே வைத்திருக்கின்றார் என்பது தேற்றம். அத்தகையார்க்குக் குமிழின் நிலை அற்பமான செய்தியாகுமா?

இனித் தேய்வின் இயல்பைக் காண்போம். கையின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோலுறையை ஊறச் செய்கின்றன. திறந்த மேற்கூரையுடைய வண்டியில் வெயில் அதனை உலர்த்தி வெடிக்கச் செய்கின்றது. மோதிரம் அணிந்த விரல் நாள்தோறும் ஒரே இடத்தைக் கீறுகின்றது. தையல் விடுகின்றது, மரமாயின் மெருகு உரிகின்றது, செயற்கைப் பொருளாயின் மேற்பூச்சுப் பிசுபிசுக்கின்றது. இறுதியில், உச்சியிற் பொறித்த கியர் எண்களும் மறைந்தொழிகின்றன.

இத்துணையும் முதுமையின் அழகு என்று கொண்டு, “தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கட்டும், முப்பதாண்டு கைபட்ட தடமன்றோ அது!” என்று வாதிப்பார் ஒரு சாரார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கைபட்டு மழமழவென்றான பிடியில் ஓர் இனிமை உண்டு. அதனை நாமும் மதிக்கின்றோம். ஆயினும், அழகு தேய்தல் வேறு, தொழில் தேய்தல் வேறு. நிறம் மங்கிய குமிழ் தன் தொழிலைச் செவ்வனே செய்யும். அதனை மாற்ற வேண்டுவதில்லை. உள்ளிருக்கும் மரை தேய்ந்து, கோலின்மேல் ஆடி உருளும் குமிழ், தடையையும் இசைவையும் கைக்கு உரைக்கமாட்டாது. பிசுபிசுக்கும் குமிழைப் பற்றத் தயங்கும் கை, காலம் தாழ்த்தே கியர் மாற்றும். எண்கள் மறைந்த குமிழோ, உரியவனுக்குத் தீங்கு செய்யாவிடினும், அவ்வண்டியை இரவல் வாங்கிச் செலுத்தும் நண்பனை ஏமாற்றும். நாம் முற்கூறிய முதல் மியாட்டாவில் ஐந்தாம் கியருக்கு நேர் கீழே பின்செல்லும் கியர் உள்ளது. வேறு வண்டிகளில் அது முதல் கியருக்கு அயலே இடப்புறத்தில் இருத்தலும் உண்டு. அறியாதான் எங்ஙனம் உணர்வான்? கைக்கியருள்ள வண்டிகளிற் கியர்களின் வரிசை செலுத்துவோன் கண்ணுக்குத் தெரியுமாறு காட்டப்பெற வேண்டும் என்று அமெரிக்க நாட்டு மோட்டார்ப் பாதுகாப்பு விதி கட்டளையிடுவதும் இது பற்றியே. ஆகவே ஆடுதல், ஒட்டுதல், எண் மறைதல் என்னும் இம்மூன்றனுள் ஒன்று தோன்றினும் குமிழை மாற்றிவிடுதலே கடன் என்பது எம் துணிபு.

மற்றொரு சாரார் இதற்கு நேர் மாறானவர். தேய்வு தோன்று முன்னரே குமிழைக் கழற்றி எறிந்து, மண்டையோடு போன்றதும், பகடைக்காய் போன்றதும், வாட்பிடி போல நீண்டதுமாகிய உருவங்களை அவ்விடத்து நாட்டி மகிழ்வர். அலங்காரம் குற்றமன்று. ஆனால் குமிழ் காண்பார்க்கு உரியதன்று, பற்றுவார்க்கு உரியது. நீண்ட குமிழ் கோலின் நீளத்தை மிகுவிக்கும். மிகுவிக்கவே, தள்ளும் வலி குறையினும் கை செல்லும் தொலைவு பெருகும். வண்டியை இயற்றியோர் அரிதின் முயன்று அமைத்த குறுநடை கெடும். குட்டையான குமிழோ தொலைவைக் குறைத்து வலியை மிகுவிக்கும். நெம்புகோலின் விதியை ஏமாற்ற ஒருவராலும் இயலாது.

எடையைப் பற்றியும் இருதிறத்தார் வழக்காடுவர். கனத்த எஃகுக் குமிழ் தன் ஓட்டத்தாலேயே ஒத்திசைவின் தடையைக் கடந்து செல்லுதலின் கியர் மெல்லென விழும் என்பர் சிலர். அஃது உண்மையே, ஆயினும் அத்தடை கைக்கு உரைக்கும் செய்தியும் அதனோடு மங்கும். எடையைக் குறைத்தலே நோக்கமாகக் கொண்டோரும் உளர். 1969-இல் ஜெர்மானியப் போர்ஷே கம்பெனியார் 917 என்னும் பந்தய வண்டிக்கு மிக இலேசான பால்சா மரத்தாற் குமிழ் செய்து வைத்தனர். அவ்வண்டி 1970-இலும் 1971-இலும் பிரான்சு தேசத்து லெ மான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் வாகை சூடியது. பின்னாளில் 2003 முதல் விற்பனைக்கு வந்த கரேரா ஜி.டி. என்னும் வண்டியில் மரக்குமிழை வைத்து அம்மரபை அவர்களே நினைவுகூர்ந்தனர். ஜப்பானிய ஹோண்டா கம்பெனியாரோ 1992-இல் வெளியிட்ட என்.எஸ்.எக்ஸ்-ஆர் வண்டிக்கு டைட்டானியக் குமிழ் அமைத்தனர். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவிற் கூறுதல் ஏலாது. ஒவ்வொன்றும் அவ்வவ் வண்டியின் நோக்கத்திற்கு ஏற்ப அமைந்தது என்பதே இவற்றாற் பெறப்படும் பாடம். வெயிலில் நிறுத்திய வண்டியின் உலோகக் குமிழ் கையைச் சுடும். பனிக்காலத்தே விரலை விறைப்பிக்கும். மரமும் தோலும் இவ்விரண்டு கொடுமையும் செய்யா.

அங்ஙனமாயின் எத்தகைய குமிழைக் கொள்வது? பழையதன் உயரமும் பருமனும் எடையும் உடையதாய், கியர் எண்கள் தெளிவாகப் பொறிக்கப்பெற்றதாய், அவ்வண்டிக்கென்றே இயற்றப்பெற்றதாய் உள்ள ஒன்றனையே கொள்ளுதல் சிறப்பு. இது கைகூடாத ஆசையன்று. 1990-இல் ஜப்பானில் வெளிவந்த வி-ஸ்பெஷல் என்னும் மியாட்டா வகைக்கு இத்தாலிய நார்டி கம்பெனியாரின் மரக்குமிழ் அமைந்திருந்தது. முதற்றலைமுறை வண்டிகளைப் புதுக்கித் தரும் ஏற்பாட்டினை மாஸ்டா கம்பெனியார் 2017-இல் அறிவித்து, வழக்கொழிந்த உறுப்புகளை மறுபடியும் ஆக்கத் தொடங்கியபோது, மேற்கூரை, டயர் முதலிய பெரியனவற்றோடு அந்நார்டிக் குமிழையும் சேர்த்துக்கொண்டனர். வண்டியைப் படைத்தோரே குமிழை உயிருறுப்பாக மதித்தனர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மாற்றும் முறையும் அறியத்தக்கதே. சில வண்டிகளிற் குமிழ் மரையாற் பொருந்தியிருக்கும், பி.எம்.டபிள்யூ முதலிய சிலவற்றில் மேல்நோக்கி இழுத்தாலே கழலும். பின்னதனை இழுப்போர் முகத்தைச் சற்று விலக்கி இழுத்தல் நன்று. இன்றேல் கழன்ற குமிழ் மோவாயைப் பதம் பார்த்துவிடும்! மரையுடையதாயின், எஞ்சினை நிறுத்திக் கைப்பிரேக்கை இட்டு, கோலை ஒரு கையால் உறுதியாகப் பற்றி, மற்றொரு கையால் இடஞ்சுழியாகத் திருக வேண்டும். புதியதன் மரை அளவு ஒத்திருத்தல் இன்றியமையாதது. மாஸ்டா வண்டியின் மரை 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் இடையும் உடையது; ஹோண்டாவினது 10-உம் 1.5-உம், டொயோட்டாவினது 12-உம் 1.25-உம். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இவற்றுள் ஒன்றனை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் கோலின் மரையே சிதையும். பின்செல்லும் கியருக்கெனக் குமிழின் அடியில் தூக்கு வளையம் உடைய வண்டிகளிற் புதிய குமிழ் அவ்வளையத்திற்கு இடங்கொடுக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். எண்கள் நேர்நிற்குமாறு அடியிலுள்ள சிறு திருகால் இறுக்கிவிட்டு, வண்டியை நகர்த்து முன்னர்க் கிளட்சை மிதித்து, எல்லாக் கியர்களிலும் ஒருமுறை கோலைச் செலுத்திச் சோதித்தலும் கடமையாகும்.

குமிழ் புதிதாயினும் பழக்கம் பழையதாயின் பயனில்லை. கியர் மாற்றிய பின்னும் கையைக் குமிழின்மேல் சாய்த்து வைத்திருத்தல் பலர்க்கும் வழக்கம். அக்கையின் பாரம் உள்ளிருக்கும் கவையைச் சுழலும் வளையத்தின்மேல் அழுத்தி நாளடைவில் தேய்விக்கும். ஆதலாற் குமிழை வேண்டும்பொழுது பற்றுக, வேண்டாதபொழுது விடுக.

நண்பர்காள்! 2013-இல் போர்ஷே கம்பெனியார் 911 ஜி.டி.3 என்னும் வண்டியைக் கைக்கியரின்றியே வெளியிட்டனர். கையாற் கியர் மாற்றுதலில் இன்பங்கண்டோர் வருந்தினர், முறையிட்டனர். 2017-இல் அவ்வண்டிக்குக் கைக்கியர் மீண்டும் வந்தது. எந்திரம் தானே விரைந்து செய்யவல்ல ஒன்றனைத் தன் கையாற் செய்ய விரும்பும் உள்ளம் இன்னும் அழியவில்லை என்பதற்கு இதுவே சான்று. அவ்வுள்ளமுடையார் தம் கருவியின் பிடியை அழுகவிடுதலும் தகாது. விளையாட்டுப் பொருளாக்குதலும் தகாது. தேய்ந்ததனைத் தயங்காது மாற்றுக. மாற்றுங்கால் அதன் அளவும் இயல்பும் மாறாது காக்க. கழற்றிய பழங்குமிழை எறிந்துவிடாது ஒரு துணியிற் சுற்றிப் பேழையில் வைக்க. நாளை அவ்வண்டியைப் பெறுவார், முன்னோர் கை எங்ஙனம் உழைத்தது என்பதனை அத்தேய்வினின்று அறிந்துகொள்வர்.