காவலும் நாற்காலியும்

2003 ஜூலையில் கானாவின் தலைநகர் அக்ராவில், லைபீரியப் பெண்கள் தங்கள் நாட்டுப் போரை நிறுத்துவதற்கான பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். உள்ளே ஆயுதக் குழுக்களின் பிரதிநிதிகள், யாருக்கு எந்தப் பதவி என்று வாரக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. உடன்பாடு எட்டாமல் ஒருவரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள் பெண்கள். கைதுசெய்யக் காவலர்கள் வந்தபோது, தலைமை தாங்கிய லேமா போவீ தன் ஆடையைக் களையத் தொடங்கினார். தாயின் நிர்வாணத்தைப் பார்த்தவனைச் சாபம் பிடிக்கும் என்பது மேற்கு ஆப்பிரிக்க நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரிய முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபூபக்கர் இறங்கிவந்து அவர்களோடு பேசினார். ஆகஸ்ட் 18 அன்று உடன்பாடு கையெழுத்தானது.

இந்தப் பெண்கள் ஒரே நாளில் கிளர்ந்தெழுந்தவர்கள் அல்லர். மன்ரோவியாவின் மீன்சந்தை அருகே, வெயிலிலும் மழையிலும் வெள்ளுடையில் நாள்தோறும் அமர்ந்தவர்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களுமாகச் சேர்ந்தவர்கள். ஏப்ரலில் அதிபர் சார்ல்ஸ் டெய்லரையே நேரில் பார்த்து, போரை நிறுத்து என்று கேட்டவர்கள். துப்பாக்கி ஏந்திய பையன்களில் பலர் அவர்கள் தெருப் பிள்ளைகள். அந்தப் பையன்களை வீட்டுக்குத் திருப்புவது எப்படி என்று இவர்களைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் அவர்களுக்குக் கிடைத்த இடம் வாசல்தான்.

இத்தனைக்கும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் 2000 அக்டோபர் 31 அன்றே ஒருமனதாக நிறைவேறியிருந்தது. போரில் பெண்களைக் காக்க வேண்டும், அமைதி முடிவுகளில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்ற இரண்டையும் அது சேர்த்தே சொன்னது. அரசுகள் முன்னதைப் பேசுகின்றன, பின்னதை ஒத்திப்போடுகின்றன. அதிகாரம் கையில் இல்லாதவருக்குத் தரப்படும் காவல் என்னவாகும் என்பதை ஹெய்ட்டி காட்டியது. அங்கே ஐ.நா. அமைதிப்படையில் இருந்த இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர், பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிறார்களும் உண்டு. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்று 2017இல் அசோசியேட்டட் பிரஸ் விசாரணை தெரிவித்தது. ஈழத்துப் பெண்கள் மீதான வன்முறைக்கு அதே ராணுவம் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை அறிந்த நமக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல.

வேறு வழியும் இருந்தது. அதே லைபீரியாவுக்கு 2007இல் இந்தியாவிலிருந்து முழுக்கப் பெண்களைக் கொண்ட காவல் அணி சென்றது, ஐ.நா. வரலாற்றில் அத்தகைய முதல் அணி அதுவே. 2016 வரை அந்தப் பணி தொடர்ந்தது.

ஆனால் பேச்சுவார்த்தை மேசை மாறவில்லை. 2024 ஜூன் இறுதியில் ஆப்கானிஸ்தான் பற்றி ஐ.நா. தோஹாவில் கூட்டிய பேச்சில், தாலிபான் வர வேண்டும் என்பதற்காக ஆப்கன் பெண்கள் விலக்கப்பட்டார்கள். போதைப்பொருள் ஒழிப்பும் தனியார் தொழிலும் பேசப்பட்டன. பெண்களின் உரிமை நிகழ்ச்சிநிரலில் இல்லை. கூட்டம் முடிந்தபின் ஆப்கன் பெண்களை ஐ.நா. அதிகாரிகள் தனியே சந்தித்தார்கள். தாலிபானோடு பேசவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் மூடப்பட்ட சிறுமிகளின் சார்பில் பேசக்கூடியவர்கள் எதிரே உட்காராத எந்தக் கூட்டத்தையும் ஐ.நா. தன் பெயரில் இனி கூட்டக் கூடாது என்கிறோம்.