பொன்முலாம் கேமிராவும் அடகுக்கு வந்த வளையல்களும்



சென்ற மாதம் ஒருநாள் மஃரிப் தொழுகையை முடித்துக்கொண்டு பாலக்கரையிலுள்ள என் இல்லத்திற்குத் திரும்பினேன். என் சகோதரியின் மகன் திண்ணையில் காத்திருந்தான். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் திருமண வீடுகளுக்குப் புகைப்படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞன் அவன். தன் கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். பச்சைத் தோல் போர்த்துப் பொன்னிறமாய் மின்னியது ஒரு கேமிரா.

"மாமா, உலகம் முழுமைக்கும் சில நூறுதான் செய்திருக்கிறார்கள். லிமிடெட் எடிஷன். இன்று வாங்கி வைத்தால் நாளை விலை ஏறும். அம்மா தம் வளையல்களை அடகு வைக்கத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மீதியைத் தவணையில் கட்டிவிடுவேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன் நான் எண்ணிப் பார்த்தவற்றையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். பொருள் கேமிராவே ஆனாலும், கைக்கடிகாரமோ கைப்பேசியோ ஆனாலும், இத்தகைய ஆசை இன்று நம் வீட்டு வாசல்கள் பலவற்றில் வந்து நிற்கிறது.

முதலில், கேமிரா என்பது யாது? இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு அறை என்று பொருள். இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாய் விழும். 965-ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் இவ்வுண்மையை நுணுகி ஆராய்ந்தார். கிரகண வேளையில் துளை வழியே விழும் சூரியனின் உருவத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். இன்றைய கேமிராவும் அதே இருட்டறைதான். துளையிருந்த இடத்தில் லென்ஸ் வந்தது. சுவரிருந்த இடத்தில் முதலில் பிலிமும் பின்னர் மின்னணுத் தகடும் வந்தன. அறையின் வெளிச்சுவருக்குப் பொன் பூசினால் உள்ளே விழும் உருவம் எள்ளளவும் மாறுவதில்லை.

ஆயினும் பொன் பூசும் வழக்கம் பழையது. ஜெர்மனியின் ஆஸ்கர் பர்னாக் என்பார் 1914-இல் ஆக்கிய சிறிய கேமிரா, 1925-இல் லைக்கா என்னும் பெயரில் கடைக்கு வந்தது. கையடக்கமாய், எளிமையாய், எவ்விடத்தும் எடுத்துச் செல்லத்தக்கதாய் இருந்தமையே அதன் பெருமை. ஐந்தாண்டுகள் ஆவதற்குள்ளாகவே அதற்குப் பொன்முலாம் பூசி, பல்லித் தோல் போர்த்தி, செல்வர்களுக்கென்று ஒரு வகையை வெளியிட்டனர். உள்ளிருந்த பொறி மாறவில்லை.

அண்மைக் காலத்தில் இவ்வழக்கம் வியப்பூட்டும் எல்லைகளைத் தொட்டது. சந்திரனுக்குச் சென்ற கேமிராக்களைச் செய்த புகழ் ஹாசல்பிளாடு நிறுவனத்துக்கு உண்டு. அந்நிறுவனம் 2012-இல் 'லூனார்' என்ற கேமிராவை அறிவித்தது. மரப்பிடி, தோல், டைட்டானியம் என்று அலங்காரம் பலவிதம். விலை ஏறத்தாழ 5,000 யூரோ. அதன் உள்ளே இருந்ததோ சோனி நிறுவனத்தின் நெக்ஸ்-7 கேமிரா! அதை அதே காலத்தில் சோனியின் பெயரிலேயே நான்கில் ஒரு பங்கு விலைக்கு வாங்க முடிந்தது. புகைப்படக் கலைஞர்கள் நகைத்தனர். சில ஆண்டுகளில் அந்நிறுவனமே அவ்வழியைக் கைவிட்டது.

2015-இல் லைக்கா நிறுவனம் லென்னி கிராவிட்ஸ் என்னும் அமெரிக்க இசைக் கலைஞருடன் சேர்ந்து 125 கேமிராத் தொகுதிகளை வெளியிட்டது. ஒவ்வொன்றும் 24,000 டாலருக்கு மேல். பல்லாண்டுகள் உழைத்துத் தேய்ந்தது போலத் தோன்றும்படி, புத்தம் புதிய கேமிராவின் கறுப்புப் பூச்சைத் தொழிற்சாலையிலேயே கையால் தேய்த்து, உள்ளிருக்கும் பித்தளையை ஆங்காங்கே வெளிக்காட்டியிருந்தார்கள். தாம் உழைக்காத உழைப்பின் தழும்பை விலைக்கு வாங்கும் காலம் வந்துவிட்டது பாருங்கள்!

எல்லா அரும்பொருள் விற்பனையும் இத்தகையதன்று என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். 2013-இல் ஒரே ஒரு கேமிராவாகச் செய்யப்பட்ட லைக்கா ஒன்று நியூயார்க் ஏலத்தில் 18 இலட்சம் டாலருக்கு விற்றது. அத்தொகை எய்ட்ஸ் முதலிய நோய்களை எதிர்க்கும் அறப்பணிக்குச் சென்றது. 2022-இல் பர்னாக் தம் கையால் பயன்படுத்திய பழைய கேமிரா 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. அதில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. அது கண்ட காலத்திற்கும் அதைப் பிடித்த கைக்குமே அவ்விலை.

என் மருமகனிடம் இவற்றைச் சொன்னேன். அவன் முகம் தெளியவில்லை. "அழகு வேண்டாமா மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆகவே மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றேன்.

அங்கே சித்திரை வீதியின் அருகே என் நண்பர் ஒருவர் நாற்பதாண்டுகள் ஸ்டுடியோ நடத்தி ஓய்ந்திருக்கிறார். 1987-இல் இராஜகோபுரக் குடமுழுக்கின்போது கூட்டத்தின் நடுவே நின்று படமெடுத்தவர். "வாங்க பாய்" என்று வரவேற்று, பீரோவிலிருந்து தம் பழைய கறுப்பு நிக்கானை எடுத்து என் மருமகன் கையில் கொடுத்தார். விரல் படும் விளிம்புகளிலெல்லாம் பூச்சுத் தேய்ந்து பித்தளை மஞ்சளாய்த் தெரிந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தம்பி, நீ காட்டின கேமிராவைக் கல்யாண வீட்டுக்கு எடுத்துண்டு போவியா?" என்று அவர் கேட்டார்.

"கீறல் விழுந்தால் விலை இறங்கிவிடுமே ஐயா!"

"அப்போ அதை வச்சு என்ன பண்ணுவே?"

அவன் விடை சொல்லவில்லை. படமெடுத்தால் மதிப்புக் குறையும் கேமிராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டத்தான் வேண்டும். அதற்குத் தவணை கட்டும் பணமோ, வேறொரு கேமிராவால் இரவு பகலாய் உழைத்து ஈட்ட வேண்டிய பணம்.

திரும்பும் வழியில் அவனுக்கு நம் ஊரின் பழங்கதை ஒன்றைச் சொன்னேன். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, சென்னை அரசின் புகைப்படக்காரராக இவ்வூர்களுக்கு வந்தார். மரக் கேமிராவையும் இரசாயனக் குப்பிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிவந்து, திருச்சி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படம்பிடித்தார். அவ்வாண்டே அவை இரு ஊர்களின் பெயரிலும் தனித்தனித் தொகுப்புகளாக வெளிவந்தன. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் திரெவெல்யன், அரசின் நிதி நிலைக்கு இது ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி அப்பணியை நிறுத்தச் செய்தார். படமெடுப்பதையே ஆடம்பரம் என்றார்கள் அன்று. எனினும் 1858-இல் நம் ஊர் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் காண்பது அப்படங்களால்தான். டிரைப் வைத்திருந்த கேமிராவுக்கு என்ன தோல் போர்த்தியிருந்தது என்று எவரும் கேட்பதில்லை.

அழகைப் பற்றிய அவன் கேள்விக்கு விடை நம் திருச்சியிலேயே இருக்கிறது. செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழிலால் பெயர்பெற்றது இவ்வூர். எத்தனையோ எளிய வீடுகளில் பெண்கள் குனிந்தமர்ந்து அக்கற்களைத் தீட்டியிருக்கிறார்கள். பட்டை சரியான கோணத்தில் அமைந்தால்தான் உட்புகுந்த ஒளி திரும்பிவந்து மின்னும் என்பது அவர்களுக்குத் தெரியும். கேமிராவின் லென்சும் தீட்டப்பட்ட கண்ணாடியே. தொழிலுக்கு உதவும் அழகு அந்தத் தீட்டலில் இருக்கிறது. பிடிப்பதற்கு வழுக்காமலும், பார்ப்பவர் கண்ணை உறுத்தாமலும் இருப்பதும் அழகே. உலகப் புகழ்பெற்ற ஆன்ரி கார்ட்டியர்-பிரெசோன் தம் கேமிராவின் மின்னும் பகுதிகளைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துக்கொண்டார். மக்கள் கேமிராவைக் கவனியாதிருந்தால்தான் இயல்பான படம் கிட்டும் என்பது அவர் அனுபவம்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆண்களுக்குப் பொன்னணி ஆகாது என்பதையும், பொன் வெள்ளிப் பாத்திரங்களில் உண்ணலாகாது என்பதையும் நாம் சிறுவயதிலேயே ஓதி அறிந்திருக்கிறோம். பொன்முலாம் கேமிரா அதில் அடங்குமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீண்விரயம் ஆகாது என்பதற்கு மட்டும் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய பொருளைக் கேட்டு வந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள். ஒன்று, இதே உட்பொறி சாதாரண உடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது? இரண்டு, வாங்கிய பின் இதைப் பயன்படுத்துவாயா, பூட்டி வைப்பாயா? மூன்று, மின்னணுப் பொருளானால், பத்தாண்டு கழித்துப் பழுதுபார்க்க உதிரிப் பாகம் கிடைக்குமா? நான்கு, விலை ஏறும் என்று சொன்னவர் யார்? விற்பவரே சொன்னாரா?

என் மருமகன் இந்நான்கையும் ஒரு தாளில் எழுதி விடையும் எழுதிப் பார்த்தான். ஒரு வாரம் கழித்து, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய சாதாரணக் கறுப்புக் கேமிரா ஒன்றையும் நல்ல லென்ஸ் ஒன்றையும் தன் கையிருப்பிலேயே வாங்கினான். "கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது மாமா" என்று ஒளிக்காமல் சொன்னான். அந்த உண்மையும் எனக்குப் பிடித்திருந்தது.

சென்ற வெள்ளிக்கிழமை சகோதரியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தேநீர்க் குவளையை நீட்டிய அவள் கைகளில் வளையல்கள் இருந்தன.