முன்பக்கக் கம்பி யாரைக் காக்கிறது?

போளூர், கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் காய்கறியும் பூவும் மல்லாட்டை மூட்டையும் ஏற்றி வரும் வேன்கள் வேங்கிக்கால் வழியாகத்தான் நகருக்குள் நுழைகின்றன. அவற்றில் பழைய வண்டிகளின் முகத்தைக் கவனியுங்கள். இரண்டு அங்குல இரும்புக் குழாயை வளைத்து, குறுக்கே இரண்டு கம்பி வைத்து, பட்டறையில் வெல்டிங் செய்து மாட்டிய தடுப்பு ஒன்று இருக்கும். சிலர் அதை பம்பர் கம்பி என்பார்கள், சிலர் கிராஷ் கார்டு என்பார்கள். கடையில் வாங்கியது அல்ல. உரிமையாளர் சொன்ன அளவுக்குப் பட்டறைக்காரர் செய்து கொடுத்தது.

"வண்டி பழசு, தகரம் மெலிசு, முன்னால் ஒரு கம்பி இருந்தால் தைரியம்" என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த தைரியம் பொய்யானது என்பதே என் கருத்து. நடை வேகத்தில் ஒரு மரத்திலோ சுவரிலோ உரசினால் இந்தக் கம்பி ஹெட்லைட்டைக் காப்பாற்றும். சாலை வேகத்தில் மோதினால் உள்ளே இருப்பவரையும் காப்பாற்றாது, எதிரே நடப்பவரையும் விட்டுவைக்காது.

பயிரைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் பம்பரைப் பற்றி ஏன் என்று கேட்கலாம். நம் ஊர்களில் வேனும் ஒரு வேளாண் கருவிதான். உரம் வருவதும் விளைச்சல் போவதும் அதில்தான். அந்தக் காலத்து ஸ்டாண்டர்டு 20 வேன் வண்டலூர் அருகே நம் மாநிலத்திலேயே தயாரானது. டெம்போ மெட்டடார், ஸ்வராஜ் மஸ்தா, டாடா 407 என்று வரிசையாக வந்து, 2005இல் 'குட்டி யானை' வரும் வரை கிராமத்துச் சுமையைத் தூக்கியவை இந்த வண்டிகளே. அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. ஓட்டுபவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் நம் விவசாயிகள்.

ஏரிக்குக் கோடி எதற்கு?

ஏரிக்கரையை எவ்வளவு பலமாகக் கட்டினாலும் கலங்கல் இல்லாமல் யாரும் கட்டுவதில்லை. நம் பக்கத்தில் அதைக் கோடி என்போம். வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்த இடத்தில் வெளியேற வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்த இடத்தைத் தாழ்வாக விட்டுவைக்கிறோம். கோடியை அடைத்துவிட்டுக் கரை பலமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். அடுத்த மழையில் கரை எங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாது.

வண்டியின் முன்பகுதியும் அப்படித்தான். மோதும்போது முன்னால் உள்ள பம்பரும் தகரமும் நசுங்க வேண்டும். நசுங்கும் ஒவ்வொரு அங்குலமும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் உடல் 60 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால், சராசரியாக 1,400 கிலோ எடைக்குச் சமமான விசை அவர் மேல் விழும். அதே உடல் 30 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் விசை 2,800 கிலோ ஆகிவிடும். நசுங்கும் தூரம் பாதியானால் அடி இரட்டிப்பு. நசுங்க வேண்டிய இடத்துக்கு முன்னால் நசுங்காத இரும்பை வைத்து, அதை நேராகச் சேஸிஸில் பற்றவைப்பது கோடியை அடைப்பதற்குச் சமம்.

"என் வண்டிக்கு முகமே இல்லையே?"

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "புது கார்களுக்கு நீளமான முன்பகுதி இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது. என் பழைய வேனில் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம்தான் இருக்கிறது. நசுங்குவதற்கு என்ன இருக்கிறது? அதனால்தான் கம்பி போடுகிறேன்."

கேள்வி சரி, பதில்தான் தவறு. வீட்டில் செய்த கம்பி பெரும்பாலும் இரண்டு கால்களில் நிற்கிறது. நேருக்கு நேர் மோதும் விபத்துகளில் இரண்டு வண்டிகளும் முழு அகலத்துக்கும் மோதிக்கொள்வது குறைவு. ஓட்டுநர்கள் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்புவதால் ஒரு பக்க மூலைதான் மோதும், பல நேரம் அது ஓட்டுநர் பக்கமாக இருக்கும். அப்போது அந்த ஒரு மூலையில் விழும் அடி முழுவதும் ஒரே காலில் இறங்குகிறது. கால் தகரத்தில் மாட்டியிருந்தால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு பாதம் வைக்கும் இடத்துக்குள் வரும். சேஸிஸில் மாட்டியிருந்தால் சேஸிஸின் முனை வளையும். பல பழைய வேன்களில் ஸ்டீயரிங் பாக்ஸ் அந்த முனைக்கு அருகில்தான் இருக்கிறது. அது பின்னால் தள்ளப்பட்டால், மடங்காத பழைய ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரின் மார்பை நோக்கி வரும்.

மாடு குறுக்கே வந்தால் காக்கும் என்பது அடுத்த வாதம். மாட்டின் எடை அதன் கால்களுக்கு மேலே இருக்கிறது. தாழ்வான கம்பி கால்களைத் தட்டிவிடும். முந்நூறு, நானூறு கிலோ உடல் மேலே சரியும். பானெட் இல்லாத வேனில் அது சரிகிற இடம் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள்.

எடைக் கணக்கும் உண்டு. இரண்டு அங்குல நடுத்தரக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. ஏழெட்டு மீட்டர் குழாய் போட்டால் 40 கிலோ. அந்த 40 கிலோ முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் தொங்குகிறது, சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சில் 57 கிலோ கூடும், பின் அச்சில் 17 கிலோ குறையும். ஏற்றம் இறைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுமை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வேன், மழைநாளில் பிரேக் அடித்தால் பின்பக்கம் வழுக்குவதற்கு இதுவும் துணை செய்யும். வெல்டிங் சூட்டில் சேஸிஸ் உள்பக்கத்துப் பூச்சு எரிந்து, அந்த இடத்திலிருந்தே துரு தொடங்குவது தனிக்கதை.

எதிரே நடப்பவர்

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வர எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் வேலூர் சாலையில் இறங்கி நடந்து வரும் கூட்டத்தின் ஊடேதான் சரக்கு வண்டிகளும் போகின்றன. மற்ற நாட்களிலும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருபவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளில் பால் கொண்டு வருபவர்கள் என்று வேங்கிக்கால் சாலையோரம் ஆள் நடமாட்டம் உள்ள இடம். தட்டையான தகரம் இடித்தால் அடி பரவி விழும், தகரமும் கொஞ்சம் உள்வாங்கும். இரும்புக் குழாய் இடித்தால் அடி முழுவதும் ஒரு கோட்டில் விழும். பெரியவருக்குத் தொடையிலும் இடுப்பிலும் படுகிற அந்தக் குழாய், ஒரு சிறு குழந்தைக்குத் தலையில் படும்.

ஐரோப்பிய நாடுகள் 2005இல் கொண்டுவந்த விதி இந்த ஒரு விஷயத்தைத்தான் முன்னிறுத்தியது. அங்கே முன்பக்கத் தடுப்பு விற்க வேண்டுமானால், கால் மாதிரியையும் குழந்தைத் தலை மாதிரியையும் அதன்மேல் மோதவிட்டுச் சோதித்துத் தேற வேண்டும். நம் பட்டறைக் கம்பி எந்தச் சோதனைக்கும் போனதில்லை.

நம் நாட்டில் சட்டம் இன்னும் நேரடியானது. 2017 டிசம்பர் 7 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. வாகனங்களில் கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்றும், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதில் சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். எப்.சி.க்குப் போகும் நாளில் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் மாட்டிக்கொள்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அபராதத்துக்குப் பயந்து ஒரு நாள் கழற்றுகிறவர்கள் உயிருக்காக ஒரேயடியாகக் கழற்றலாமே?

அப்பா ஓட்டிய வேன் என்று பாசத்தோடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்ய முடியும். பழைய வடிவம் மாறாமல் இருக்க வேண்டும், சேஸிஸிலும் கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. சேஸிஸில் பற்றவைத்த கம்பி அந்த வாய்ப்புக்கும் குறுக்கே நிற்கும்.

அதே பணத்தில் என்ன செய்யலாம்?

கம்பிக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை வேறு இடத்தில் போடுங்கள்.

முதலில் பிரேக். பழைய வேனில் நான்கு சக்கரத்திலும் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். கறுத்துப்போன ஆயிலின் மேல் புது ஆயிலை ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது.

இரண்டாவது சீட் பெல்ட். ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் போடுங்கள். பெல்ட்டின் பிடிமானம் சட்டத்தில், பட்டைத் தகடு வைத்துப் போல்ட் போட்டதாக இருக்க வேண்டும். வெறும் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டினால் இழுப்பில் பிய்ந்து வரும்.

மூன்றாவது முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுமை. முன்னால் கம்பி போடுகிறவர்கள் மறக்கும் ஆபத்து இது. ஒரு டன் மூட்டை கட்டாமல் கிடந்தால், வண்டி நின்ற பிறகும் மூட்டை ஓடிக்கொண்டிருக்கும். கனமான மூட்டைகளை அடியில், முன்சுவரை ஒட்டி இடைவெளி இல்லாமல் அடுக்கி, குறுக்கே கயிறு போட்டு இறுக்குங்கள். இருக்கைக்கும் சுமைக்கும் நடுவே உள்ள தடுப்பு துருப்பிடித்திருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களை மூட்டையோடு மூட்டையாகப் பின்னால் ஏற்றாதீர்கள்.

நான்காவது வெளிச்சம். ஹெட்லைட்டின் கோணத்தைச் சரிசெய்து, முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். வீட்டு மாடுகளின் கழுத்துக் கயிற்றிலும் ஒளிரும் பட்டை ஒன்றைக் கட்டுங்கள். மாடு கண்ணில் பட்டால் மோதலே நடக்காது.

ஐந்தாவது வேகம். இதற்குக் காசே வேண்டாம். 60இல் போகிற வண்டியின் மோதல் ஆற்றலில் 40இல் போகிற வண்டிக்குப் பாதிகூட இல்லை.

இரும்புக் கம்பியில் நம்பிக்கை உள்ளவர்கள் டிராக்டரைப் பாருங்கள். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் இருக்கத் தலைக்கு மேல் ஒரு சட்டம் உண்டு. ஸ்வீடன் நாடு 1959லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது, அதன்பின் கவிழ்ந்து சாவோர் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. சோதித்துத் தேறிய சட்டம் என்பதால்தான் அது உயிரைக் காக்கிறது. நம் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் அப்படிப்பட்ட சட்டம் இல்லாமல் டிராக்டர் ஓட்டுகிறோம். தேவையான இடத்தில் இரும்பு இல்லை, தேவையில்லாத இடத்தில் கம்பி மாட்டியிருக்கிறோம்.

வேளாண் துறையின் களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்து தெளிப்பவருக்கு முகக்கவசம் போடச் சொல்கிறோம். மாதந்தோறும் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. விவசாயிகளின் வண்டிகள் அங்கே வரத்தான் செய்கின்றன. அந்த நாளில் வேளாண் பொறியியல் துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் சேர்ந்து ஒரு முகாம் நடத்தினால் என்ன? பிரேக், விளக்கு, பெல்ட் மூன்றையும் இலவசமாகப் பார்த்துச் சொல்லட்டும். கம்பியை அங்கேயே கழற்றித் தரட்டும். முதல் முறை வருபவருக்கு அபராதம் வேண்டாம், அறிவுரை போதும். பட்டறைக்காரர்களையும் கூப்பிடுங்கள். கம்பி செய்யும் கை நல்ல கை. அதே கையால் சுமைத் தடுப்பையும் பெல்ட் பிடிமானத்தையும் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுத்தால் அவர்களுக்கும் வேலை குறையாது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த வாரம் சந்தைக்குப் போய்த் திரும்பியதும் வண்டியைப் பட்டறையில் விடுங்கள். கம்பியை எடுக்கச் சொல்லுங்கள், பழைய பம்பரை அதன் சொந்த போல்ட்டிலேயே மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய இரும்பு வீணாகாது. மாட்டுக்கொட்டகைக்குக் குறுக்குக் கம்பியாக அது இன்னும் பல ஆண்டு உழைக்கும்.