நியமனம் பிரதிநிதித்துவம் ஆகுமா?

பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் பொழுது விடிந்தால் ஜி.எஸ்.டி. சாலையோரம் கல்லூரி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள் விரிவுரையாளர்களும், எழுத்தர்களும், ஆய்வகச் சிப்பந்திகளும். 2022 பிப்ரவரி 19ல் தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தபோது, இங்கு குடியிருக்கும் இவர்களுக்கும் வாக்குரிமை இருந்தது. ஊரை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி உண்டு. கல்லூரி வாசலைத் தாண்டியதும் அந்தத் தகுதி எங்கே போயிற்று?

"எங்கள் குழுவிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்களே" என்கிறார்கள் நிர்வாகிகள். இருக்கிறார்கள், யார் அனுப்பி இருக்கிறார்கள்? தன்னாட்சிக் கல்லூரிகளுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் வகுத்த விதிகளையே எடுத்துக் கொள்வோம். அவற்றின்படி தனியார் கல்லூரியின் ஆட்சிக் குழுவில் நிர்வாகத்துக்கு 5 இடம் இருந்தது; ஆசிரியர்களுக்கு 2 இடம்தான் இருந்தது. அந்த இருவரையும் பணிமூப்புப்படி முதல்வர் நியமிக்க வேண்டும் என்றன அந்த விதிகள். ஆசிரியரல்லாத ஊழியருக்கு அவற்றில் ஓர் இடமும் இருக்கவில்லை!

முதல்வரை நியமிப்பது நிர்வாகம்; ஆசிரியரை நியமிப்பது முதல்வர். இப்படி வந்தவர் சம்பளப் பாக்கியைப் பற்றியும் வேலை நீக்கத்தைப் பற்றியும் வாய் திறப்பாரா? தனிமனிதரை நாம் குறை கூறவில்லை. அனுப்பியவருக்குத்தான் எவரும் பதில் சொல்வார். ஆசிரியர்கள் அவரை அனுப்பவில்லை.

தேர்தல் வைத்தால் கல்லூரி கெட்டுவிடும் என்று பூச்சாண்டி காட்டுகிறார்கள். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கையல்ல. குஜராத்தில் 1972ம் ஆண்டுத் திருத்தச் சட்டமே, கல்லூரி ஆட்சிக் குழுவில் ஆசிரியர் மூவரும், ஊழியர் ஒருவரும், மாணவர் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர வேண்டும் என்றது. 1974ல் அகமதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கில், அந்த விதி சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் உரிமையை நாம் மதிக்கிறோம். ஆனால் மற்ற நிர்வாகங்களுக்குத் தடை என்ன? சிறுபான்மைக் கல்லூரியும் தானே முன்வந்து தேர்தல் நடத்தினால் அதை எந்தத் தீர்ப்பு தடுக்கிறது?

உயர்கல்வி ஆசிரியர்கள் ஆட்சிக் குழுக்களில் பங்கேற்கவும், கல்விக் குழுக்களின் பிரதிநிதிகளில் பெரும்பான்மையோரைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும் உரிமை வேண்டும் என்று 1997ல் யுனெஸ்கோ பரிந்துரைத்தது. யுனெஸ்கோவையும் கலகக்காரர் என்பார்களா?

நாம் கேட்பது இதுதான். வாக்காளர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தற்காலிக ஆசிரியரையும் ஒப்பந்த ஊழியரையும் அதில் சேருங்கள். வேட்புமனுவை முதல்வர் கையில் கொடுக்கச் சொல்லாதீர்கள். வெளியார் ஒருவரைத் தேர்தல் அதிகாரியாக வையுங்கள். ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். போட்டியிட்டவரைப் பழிவாங்காதிருக்கச் சட்டப் பாதுகாப்புக் கொடுங்கள். ஊழியருக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

ஆசிரியர்களே, ஊழியர்களே! நிர்வாகம் நீட்டும் நாற்காலியை நம்பி இருக்காதீர்கள். ஒரே பஸ்ஸில் போகிறீர்கள். ஒரே கோரிக்கையில் கையெழுத்திடுங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சங்கம் கட்டிக் கேளுங்கள், கேட்டுப் பெறுங்கள்!