ஃபிரிட்ஜ் மேல் கிடந்த தாள்

போன டிசம்பரில் ஒரு தாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் பதினைந்து நாள் கிடந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் கொண்டுவந்தது. ஜனவரி முதல் மூன்று மாதம் வார இறுதிகளில் இன்டர்ன்ஷிப். இரவில் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேட வேண்டும், வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டும். பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "போட்டுட்டியாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் "அப்பாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்பேன். பேசவில்லை. கடைசித் தேதி போயிற்று. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

சம்பளம் உண்டா? சர்ட்டிஃபிகேட்டில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கும்? வெயிலில் அலைந்து கறுத்துப்போய் நின்றால் யார் பதில் சொல்வது? இந்தக் கேள்விகளைக் கேட்காத வீடு நம்மில் எத்தனை?

அதே மாதம் நாலாயிரம் ரூபாய் கட்டி ஆன்லைன் இன்டர்ன்ஷிப் ஒன்றில் அவளைச் சேர்த்தேன். மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்த்தாள். சர்ட்டிஃபிகேட் வந்தது. உறவினர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் அதைப் போட்டவள் நான். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது யாருக்காக வாங்கிய தாள்?

மனசு கேட்காமல், மார்ச்சில் ஒரு ராத்திரி அவளைக் கூட்டிக்கொண்டு ஆமை முட்டை தேடும் அந்த நடைக்குப் போனேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை 7 கிலோமீட்டர் போல இருக்கும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். சென்னையில் இந்த முட்டைகளைக் காக்கவென்று மாணவர்களே சேர்ந்து 1988-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளைகள் நடக்கிறார்கள். இதே ஊரில் இருபது வருடம் குடியிருந்தும் எனக்கு அது தெரியாது.

எங்களை வழிநடத்தியவன் பி.காம் படிக்கும் ஒரு பையன். மணலில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி ஒன்று தெரிந்ததும் நின்றான். குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் மணல் இளகிக் கொடுத்தது. மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினான், தோள் மணலில் உரசும் வரை. முட்டைகள் பிங்பாங் பந்து மாதிரி வெள்ளையாக, தொட்டால் லேசாக அமுங்கும் தோலோடு இருந்தன. ஒவ்வொன்றையும் உருட்டாமல், திருப்பாமல் எடுத்தான். கூட வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையே எண்ணச் சொன்னான். நூற்றுப் பன்னிரண்டு.

"ஏன் அண்ணா இவ்வளவு முட்டை போடுது?" என்றாள் ஒரு சிறுமி. அவன் உடனே பதில் சொல்லவில்லை. "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான். நண்டு, நாய், காகம், மீன் என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பொரிக்க ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளாகும் என்றான். வெளியே வரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஓடும், அதனால் நம் தெருவிளக்கைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு வந்துவிடும் என்றான். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதையும் மறைக்கவில்லை. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் சிக்கினால் வர முடியாது என்று நிதானமாகச் சொன்னான். அந்த வயதில் இருபது பிள்ளைகளை நடுராத்திரியில் கவனம் சிதறாமல் நிறுத்திவைக்க எந்த வீடியோ கற்றுக்கொடுக்கும்?

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி 1991-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் பிள்ளைகளும் படித்தார்கள். உணவுச் சங்கிலியை ஸ்கெட்ச் பேனாவால் அழகாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கினார்கள். குளத்தங்கரையில் அரை மணி நேரம் உட்கார நாம் விட்டோமா? "டியூஷனுக்கு நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்தவர்கள் நாம்தானே.

பயம் இருக்கத்தான் செய்யும். பெண் பிள்ளை, ராத்திரி, கடல். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. கூட எத்தனை பேர் போகிறார்கள், பொறுப்பில் இருக்கும் பெரியவர் யார், எப்படித் திரும்பி வருவார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி நீங்களும் நடந்து பாருங்கள். கேட்டுப் பார்த்த பிறகு வேண்டாமென்று தோன்றினால், பிள்ளையை உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். நான் அதுகூடச் செய்யவில்லை. தாளை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, தேதி போகட்டும் என்று காத்திருந்தேன்.

அன்று விடியற்காலையில் ஆட்டோவில் திரும்பும்போது, அடுத்த வருடம் விண்ணப்பம் போடலாமா என்று மகள் கேட்டாள். போடு என்றேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் எங்காவது கிடக்கலாம். இன்று ராத்திரியே எடுத்துப் படித்துப் பாருங்கள்.