கண்ணை மூடிக்கிட்டு ஓர் அரசு இணையதளத்தைத் திறக்க முடியுமா?

ஒரு சின்ன சவால். உங்க ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போய், அக்சஸிபிலிட்டியில் 'டாக்பேக்'கை ஆன் பண்ணுங்க. ஐபோன்னா 'வாய்ஸ்ஓவர்'. இனி திரையைத் தொட்டால், அங்கே என்ன இருக்குன்னு போன் வாசிக்கும். இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். இப்போ கண்ணை மூடிக்கிட்டு, ஏதாவது ஓர் அரசு இணையதளத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்க.

தளம் ஒழுங்கா உருவாக்கப்பட்டிருந்தால் 'பெயர்', 'பிறந்த தேதி' என்று வரிசையாகச் சொல்லும். இல்லையென்றால் 'பட்டன்... பட்டன்... பட்டன்' மட்டும்தான். எது சமர்ப்பிக்க, எது அழிக்க? தெரியாது. அதையும் தாண்டினால் கோணல்மாணல் எழுத்தோடு கேப்ட்சா படம். அதுக்குள்ள ஓடிபி நேரம் முடிஞ்சிடும்!

உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ விளையாட்டு. பார்வைச் சவால் உள்ளவர்களுக்கு இது தினசரி. வேற வழியில்லாம ப்ரவுசிங் சென்டர்ல ஆதார் நம்பர், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாத்தையும் யாரோ ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கு. போவது நேரமும் பணமும் மட்டுமில்ல, அந்தரங்கமும்தான்.

'கண் சிமிட்டுங்க' என்றால்?

ஆன்லைன் கேஒய்சி-யில் நீங்க உயிருள்ள ஆள்தானான்னு பார்க்க, கேமரா முன்னாடி கண் சிமிட்டச் சொல்வாங்க. ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் வசதியை அணுகுவது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது உள்பட 20 உத்தரவுகளையும் போட்டது. புதிய ஆப், இணையதளத்தைப் பார்வையற்றவர்களை வைத்தே சோதிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

சட்டம் அதுக்கு முன்னாடியே இருக்கு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அணுகல் விதிகள் அறிவிக்கப்பட்ட 2 ஆண்டுகளுக்குள் அரசும் தனியாரும் தங்கள் சேவையை மாற்றியிருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017-ல். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. 2011 கணக்கெடுப்புப்படியே இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்!

பெரிய செலவா?

பாதி விஷயம் கோடிங் பழக்கம்தான். பட்டனுக்குப் பெயர், படத்துக்கு விளக்க வரி, வீடியோவுக்கு சப்டைட்டில், மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே நகரும் வசதி. தமிழுக்கு இன்னொன்று உண்டு. அறிவிப்புகளை யூனிகோடில் வெளியிட வேண்டும். பழைய ஃபான்ட்டில் அடித்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். வாசிக்கும் மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம்.

வீல்சேருக்காகப் போட்ட சாய்தளத்தில் தள்ளுவண்டிக் குழந்தையும் போகுது, டிராலி பேக்கும் போகுது. இதுவும் அப்படித்தான். வயசானதும் எழுத்து பெருசா வேணும். கை முறிஞ்சா ஒரு கையால டைப் பண்ணணும்.

நீங்க டெவலப்பரா? அடுத்த பக்கத்தை வெளியிடும் முன் டாக்பேக்கோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்க. இல்லையா? சரியில்லாத தளத்தின் ஃபீட்பேக் பெட்டியில் நாலு வரி எழுதுங்க. அந்தப் பெட்டியையே திறக்க முடியாதவர்களுக்கும் சேர்த்து.